எல்லோரும் எழுதும் கலைக்களஞ்சியம்: புதியவர் ஏன் திரும்பிப் போகிறார்?

"வீராணம் ஏரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா" என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்கிறார்.

முன்பெல்லாம் பிள்ளைகள் தாத்தாவைக் கேட்பார்கள். அல்லது நூல்நிலையத்துக்குப் போவார்கள். இன்று அம்மாவின் கைப்பேசியை எடுக்கிறார்கள். ஏரியின் பெயரைத் தட்டுகிறார்கள். மறு நிமிடம் கட்டுரை கண்முன் வந்து நிற்கிறது.

அந்தக் கட்டுரையை எழுதியவர் யார்?

அதற்கென்று சம்பளம் வாங்கும் பேராசிரியர் அல்ல. அரசாங்க அதிகாரியும் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தாம் அதை எழுதினார்கள். ஒருவர் நாலு வரி எழுதினார். இன்னொருவர் பிழை திருத்தினார். மூன்றாமவர் படம் சேர்த்தார். யாருக்கும் ஒரு காசு கூலி கிடையாது.

இதுதான் விக்கிப்பீடியா. இணையத்தில் இருக்கும் இலவசக் கலைக்களஞ்சியம். உலகில் 300-க்கு மேற்பட்ட மொழிகளில் நடக்கிறது. அதில் விளம்பரம் இல்லை. வாசகர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது.

படிப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களோ மிகக் குறைவு. புதிதாக எழுத வருகிறவர்களில் பலர், வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏன்?

அழைப்பு வேண்டிய காலம்

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிது அல்ல. 1910-ம் ஆண்டில் "அபிதான சிந்தாமணி" வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தமிழாசிரியர் பல ஆண்டுகள் பாடுபட்டுத் தனி ஒருவராகத் தொகுத்த நூல் அது.

நாடு விடுதலை அடைந்த பிறகு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் "கலைக்களஞ்சியம்" வெளியிட்டார்கள். பெ. தூரன் அதன் தலைமை ஆசிரியர். 1954-ல் முதல் தொகுதி வந்தது. 1968-ல் பத்தாவது தொகுதி வந்தது. அறிஞர்கள் பலர் கூடி எழுதினார்கள்.

அப்படிப்பட்ட நூலில் எழுதப் புலமை வேண்டும், அழைப்பும் வேண்டும்.

அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் முதலில் அந்த வழியில்தான் போனார்கள். 2000-ம் ஆண்டில் "நூபீடியா" என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அறிஞர் எழுத வேண்டும். கட்டுரை ஏழு படிகளைத் தாண்டி வர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் ஆண்டில் முடிந்த கட்டுரைகள் மிகச் சிலவே.

2001 ஜனவரி 15-ந் தேதி அவர்கள் கதவைத் திறந்து விட்டார்கள். "யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்" என்றார்கள். "விக்கி" என்றால் ஹவாய் மொழியில் விரைவு என்று பொருள். பெயருக்கு ஏற்றபடியே ஆயிற்று. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் குவிந்துவிட்டன!

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆரம்ப நாட்களில் அதைத் தாங்கிப் பிடித்தார். அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கானவை. கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017-ல் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இது பெருமைக்குரிய கணக்கு. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு.

குறைந்துபோன கைகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதத்துக்கு ஐந்து தடவையாவது திருத்தம் செய்கிறவர்கள், 2007-ல் சுமார் 51,000 பேர் இருந்தார்கள். 2013-ல் அது சுமார் 31,000 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டார்கள்!

படிப்பவர்கள் குறையவில்லை. பிறகு என்ன நடந்தது?

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு வரும் புதியவரின் முதல் எழுத்தே தூக்கி எறியப்படுகிறது. அப்படி எறியப்பட்டவர் மறுபடி வருவதில்லை. பழையவர்கள் ஓய்ந்துபோகும்போது அவர்கள் இடத்துக்கு ஆள் இல்லை.

பழையவர்கள் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள்? அதற்கும் நியாயம் உண்டு.

நான்கு மாதம் நின்ற பொய்

2005 மே மாதத்தில், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி ஒரு விஷமி ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினான். கென்னடி கொலையில் சீகன்தாலருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக அதில் இருந்தது. அத்தனையும் பொய். உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர்!

அந்தப் பொய் நான்கு மாதம் அழியாமல் கிடந்தது. பிற்பாடு சீகன்தாலரே பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தினார். ஊரெல்லாம் சிரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கணக்குத் தொடங்காதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக்கட்டுரை ஆரம்பிக்கக் கூடாது என்று தடை வந்தது.

அதே மாதம் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகை ஒரு சோதனையை வெளியிட்டது. 42 விஞ்ஞானக் கட்டுரைகளை எடுத்து, புகழ்பெற்ற பிரிட்டானிகாவோடு ஒப்பிட்டார்கள். பிரிட்டானிகாவில் கட்டுரைக்குச் சராசரி மூன்று பிழை, விக்கிப்பீடியாவில் நான்கு. பிரிட்டானிகா இந்தக் கணக்கை மறுத்தது. ஆனாலும், தெருவில் போகிறவர்கள் எழுதிய நூல் அவ்வளவு மோசமில்லை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

ஆக, பேரும் வந்தது, பயமும் வந்தது. காவல் கடுமையாயிற்று. கெட்ட எழுத்தைக் கண்டதும் அழிக்க இயந்திர நிரல்கள் வந்தன. ஒரே தட்டில் பழையபடி மாற்றும் கருவிகள் வந்தன. விஷமிகள் சிக்கினார்கள். அவர்களோடு, ஒன்றும் அறியாத புதியவர்களும் சிக்கினார்கள்.

ஓர் ஆசிரியையின் கதை

இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோவிலில் ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீராணம் கட்டுரையைப் பார்க்கிறார். மேலே "தொகு" என்ற சொல் தெரிகிறது. அதைத் தட்டுகிறார். கட்டுரை எழுதக் கூடியதாகத் திறந்துகொள்கிறது.

"உலகத்திலேயே மிக அழகான ஏரி வீராணம்" என்று ஒரு வரி சேர்க்கிறார். ஐந்து நிமிடத்தில் அந்த வரி மறைந்துவிடுகிறது!

ஆசிரியைக்குக் கோபம். கட்டுரையோடு சேர்ந்துள்ள உரையாடல் பக்கத்துக்குப் போகிறார்.

"ஐயா, நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. என் வரியை எதற்காக எடுத்தீர்கள்?"

"வணக்கம் அம்மா. ஏரி அழகானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நாளைக்கு மதுராந்தகத்துக்காரர் வந்து, 'எங்கள் ஏரிதான் அழகு' என்பார். யார் தீர்ப்புச் சொல்வது? ஏரி எந்த அரசர் காலத்தது, எந்த ஊர்களுக்குப் பாய்கிறது என்று எழுதுங்கள். எந்தப் புத்தகத்தில் கண்டீர்கள் என்பதையும் சேருங்கள். அந்த வரி நிற்கும்."

ஆசிரியை யோசிக்கிறார். மறுநாள் இப்படி எழுதுகிறார்: "வீராணம் ஏரியிலிருந்து சென்னை நகருக்குக் குடிநீர் கொண்டுபோகும் புதிய வீராணம் திட்டம் 2004-ல் நிறைவேறியது." பத்திரிகையின் பெயரையும் தேதியையும் கீழே குறிக்கிறார். அது நிற்கிறது.

விக்கிப்பீடியாவின் சட்டங்கள் பல. அவற்றின் சாரம் இந்த ஒரு பேச்சிலேயே அடங்கிவிட்டது. நடுநிலையாக எழுது, சான்று காட்டு, உன் சொந்த ஆராய்ச்சியையோ அபிப்பிராயத்தையோ கலக்காதே. இவை மூன்றுமே அடிப்படை.

ஒன்றைக் கவனியுங்கள். அழித்தவர் பேசாமல் போயிருந்தால், ஆசிரியை அன்றோடு விலகியிருப்பார். "வணக்கம் அம்மா" என்று தொடங்கிய பதில்தான் அவரை நிற்க வைத்தது.

புதியவருக்குச் சில யோசனைகள்

எழுத விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. கணக்குத் தொடங்குங்கள். சொந்தப் பெயர் அவசியம் இல்லை, புனைபெயர் போதும். பெண்களும் மாணவர்களும் தங்கள் தொலைபேசி எண், வீட்டு விலாசம் எதையும் அங்கே எழுத வேண்டாம்.

2. சிறியதில் ஆரம்பியுங்கள். ஓர் எழுத்துப் பிழை. விட்டுப்போன ஓர் ஆண்டு. ஒரு படத்துக்கு விளக்கம். முதல் நாளே பெரிய கட்டுரை வேண்டாம்.

3. எழுதிப் பழக "மணல்தொட்டி" என்று ஓர் இடம் உண்டு. குழந்தைகள் மணலில் அ, ஆ எழுதிப் பழகுவது போல, அங்கே எதையும் எழுதலாம், அழிக்கலாம். அங்கே தவறு செய்தால் கட்டுரை எதற்கும் கெடுதல் இல்லை.

4. பகர்த்தி எழுதாதீர்கள். பத்திரிகையிலோ புத்தகத்திலோ உள்ளதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. படித்துப் புரிந்துகொண்டு சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். படமும் அப்படியே. நீங்கள் எடுத்த படத்தைத் தரலாம். ஆனால் தந்த பிறகு அதை யாரும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக்கூட.

5. உங்களைப் பற்றியும், உங்கள் கடையைப் பற்றியும் கட்டுரை எழுதாதீர்கள். நீங்கள் புகழ் பெற்றவரானால் வேறு யாராவது எழுதுவார்கள்!

6. எழுதியதை யாராவது நீக்கினால், மறுபடி மறுபடி திணிக்காதீர்கள். அது சண்டையாகும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் மாற்றத்தைத் தள்ளினால், எழுதும் உரிமையையே சில காலம் நிறுத்திவிடலாம். உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பேசித் தீராத வழக்கு குறைவு.

இன்னொரு விஷயம். எழுதியது அழிக்கப்பட்டாலும் அநேகமாகத் தொலைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் "வரலாறு" என்று ஒரு பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்ற கணக்கு அத்தனையும் அதில் இருக்கிறது. ஆகவே தவறு செய்துவிடுவோமோ என்று நடுங்க வேண்டாம்.

ஆலமரத்தடி

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகப் பேசுவதற்கு ஓர் இடம் உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? "ஆலமரத்தடி"!

எவ்வளவு பொருத்தமான பெயர்! கிராமத்தில் வழக்கு, யோசனை, ஊர்ப் பொதுக் காரியம் எல்லாம் ஆலமரத்தடியில்தான் பேசப்படும். இங்கேயும் அப்படித்தான். சந்தேகம் கேட்கலாம். உதவி கேட்கலாம். ஒரு விதி சரியில்லை என்றுகூட வாதாடலாம்.

வாதாட வேண்டிய விஷயமும் இருக்கிறது. "அச்சில் வந்த சான்று காட்டு" என்பது நல்ல விதி. ஆனால் நம் கிராமங்களில் எத்தனையோ சங்கதிகள் அச்சேறவே இல்லை. ஐயனார் கோயில் திருவிழா, கூத்துக் கலைஞரின் பாட்டு, மருத்துவச்சியின் பச்சிலை ஆகியவற்றுக்குப் புத்தகத்தில் சான்று தேடினால் எங்கே போவது?

இதற்கு ஒரே வழிதான். அந்தச் சங்கதிகளை ஊர்க்காரர்கள் முதலில் பத்திரிகையிலும் நூலிலும் எழுதி வெளியிட வேண்டும். பிறகு அது சான்றாக நிற்கும். படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தொடங்கலாம்.

கேட்பார் இல்லாத மொழியின் கதி

புதியவருக்கு வழிகாட்ட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் கதை இதற்குச் சாட்சி.

ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதியவர் ஓர் அமெரிக்க இளைஞர். அவருக்கு அந்த மொழியே சரியாகத் தெரியாது! சிறுவனாக இருந்தபோதே எழுத ஆரம்பித்துவிட்டார். ஆங்கில வாக்கியத்தில் சில சொற்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டே போனார். இந்தச் சங்கதி 2020 ஆகஸ்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

பலர் அந்த இளைஞரை ஏசினார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மொழிக்குத் தொண்டு செய்வதாகவே நினைத்தார். "தம்பி, இது ஸ்காட்ஸ் அல்ல" என்று முதல் ஆண்டிலேயே கூப்பிட்டுச் சொல்ல அந்த மொழிக்காரர்கள் போதிய அளவில் அங்கே இல்லை. குறை அதில்தான்.

தமிழ் அப்படி அனாதை மொழி அல்ல. எனினும் நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2009 முதல் கூகுள் நிறுவனம் ஆட்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. நடையோ தமிழாக இல்லை என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் எடுத்துக் காட்டினார்கள். கட்டுரையைப் போட்டவர்கள் தங்கி இருந்து திருத்தவும் இல்லை. அந்தச் சுமை, முன்பே இருந்த சில தன்னார்வலர் தலையில் விழுந்தது.

கட்டுரை பெருகினால் போதாது. கவனிக்கும் ஆள் பெருக வேண்டும். இதுவே அதன் பாடம்.

இயந்திரம் எழுதும் காலம்

இன்று இந்தப் பாடம் முன்னைவிட அவசியமாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்ற கணினி வித்தை வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தள்ளுகிறது. படிக்க அழகாக இருக்கும். உள்ளே இல்லாத புத்தகத்தைச் சான்றாகக் காட்டியிருக்கும்! யாரும் சரிபார்க்காமல் இப்படி ஏற்றிய பக்கங்களை விசாரணை இன்றி விரைவாக நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா 2025-ல் விதி செய்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரங்கள் பாடம் படிப்பதும் விக்கிப்பீடியாவில்தான். அங்கே தமிழில் ஒரு வரி தவறாக இருந்தால், இயந்திரம் அதையே கற்றுக்கொண்டு ஆயிரம் பேருக்குச் சொல்லும். அதைப் பார்த்துப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்.

ஆகவே அந்த ஒரு வரியைப் பார்த்து, "இது சரியில்லையே" என்று சொல்ல, ஊரை அறிந்த மனிதர் வேண்டும். வீராணத்தைப் பற்றிக் காட்டுமன்னார்கோவில் ஆசிரியைக்குத் தெரிவது இயந்திரத்துக்குத் தெரியாது. அவரை முதல் நாளே விரட்டிவிட்டால், தவறு திருத்தப்படாமல் நிற்கும்.

இரு தரப்பாருக்கும் ஒரு வார்த்தை

"புதியவர்களைக் கடிக்காதீர்கள்" என்பது விக்கிப்பீடியாவிலேயே எழுதி வைத்திருக்கும் அறிவுரை. 2012-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவர் கேள்வி கேட்க "தேநீர்க் கூடம்" என்று ஓர் இடமே ஏற்படுத்தினார்கள். பிற்காலத்தில், புதியவருக்குச் சிறு வேலைகளை எடுத்துக் காட்டும் முகப்புப் பக்கமும், கேட்டால் பதில் சொல்லும் வழிகாட்டியும் ஏற்பாடாயின. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் எந்த ஏற்பாடும், நீக்கும்போது ஒரு வரியில் காரணம் எழுதும் பழக்கத்துக்கு ஈடாகாது. பழையவர்கள் அதை மறக்கக் கூடாது.

புதியவரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உங்கள் வரியை நீக்கியவர் உங்களுக்கு விரோதி அல்ல. அவரும் கூலி வாங்காமல், வேலை முடிந்து வந்து, கண் விழித்துக் காவல் காக்கிறவர். அவரிடம் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரின் பெயரை இன்றைக்கே தமிழ் விக்கிப்பீடியாவில் தேடிப் பாருங்கள். ஊரின் பள்ளிக்கூடம், ஆறு, சந்தை, கோயில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். ஒரு பிழை கண்ணில் பட்டால், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு "தொகு" என்ற சொல்லைத் தட்டுங்கள்.